ஊறலும் ஊர் நீரும்



பாலாற்றங்கரையில் ஆம்பூரை அடுத்த ஒரு சிற்றூரில் வளர்ந்தவன் நான். எங்கள் தெருவின் கோடியில் தோல் பதனிடும் ஆலை ஒன்று இருந்தது. ஆவாரம்பட்டையை இடித்து நீர்த்தொட்டிகளில் ஊற வைப்பார்கள். அதன் துவர் மணம் காற்றோடு கலந்து வீடுவரை வரும். வீட்டுக்குள்ளோ பாட்டியாரின் கூழ்ப்பானை புளித்துக்கொண்டிருக்கும். அந்த ஆலையில் முடி நரைத்த தொழிலாளி ஒருவர் இருந்தார். அவர் ஒருநாள் என்னிடம், "தம்பி, தோலுக்கும் பட்டை வேண்டும், சாராயத்துக்கும் பட்டை வேண்டும், இரண்டுமே ஊறல்தான்" என்றார். விளையாட்டாகச் சொன்ன சொல்லானாலும், அதனுள் ஒரு வரலாறு அடங்கியிருந்ததைப் பல ஆண்டுகள் கழித்தே உணர்ந்தேன்.

வெள்வேல மரத்தின் பட்டையில் துவர்ச்சத்து மிகுதி. அதனால் அது தோல் பதனிடவும் பயன்பட்டது. வெல்லத்திலிருந்தும் பனஞ்சாற்றிலிருந்தும் சாராயம் காய்ச்சுவோரும் ஊறலில் அதை இட்டனர். 'பட்டைச் சாராயம்' என்ற பெயர் அவ்வாறு வந்ததே. ஆனால் காய்ச்சி வடிக்கும் கடுஞ்சாராயம் வருமுன் இத்தொண்டை நாட்டு மக்கள் வீட்டில் வடித்த பானம் யாது?

அதற்கு விடை தருவது பெரும்பாணாற்றுப்படை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மீது கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய நூல் அது. அதில் 'தோப்பி' என்ற நெற்கள் வருகிறது. அதை இல்லத்திலேயே சமைத்ததாகப் புலவர் கூறுகிறார். வலைஞர் குடியிருப்பைக் கூறும் பகுதியிலோ செய்முறையே காணக் கிடைக்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற பாத்திரத்தில் ஆறவிடுகிறார்கள். பின் நல்ல முளையடையை அதனுடன் கலக்கிறார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிந்தபின், வலிய வாயையுடைய சாடியில் நன்றாக விளைந்ததை விரலால் அலைத்துப் பிழிகிறார்கள்.

இச்செய்முறையின் உயிர் முளையில் இருக்கிறது. தானியம் முளைக்கும்போது அதனுள் நொதிகள் பிறக்கின்றன. அவை மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. பின்னர் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அச்சர்க்கரையை மதுவாகவும் கரியமில வாயுவாகவும் பிரிக்கிறது. பனஞ்சாற்றில் சர்க்கரை இயல்பாகவே உண்டு. ஆதலால் அது தானே புளிக்கும். அரிசிக்கோ முதலில் முளையின் துணை வேண்டும். நுண்ணுயிர் என்ற பெயரையே அறியாத மக்கள் இந்த இரட்டை மாற்றத்தைக் கைப்பழக்கத்தாலேயே தேர்ந்திருந்தனர்.

இதே அறிவைப் பின்லாந்து நாட்டின் பண்ணை வீடுகளிலும் காண்கிறோம். அங்குள்ள பழைய பண்ணை மதுவின் பெயர் சாஹ்தி. முளைகட்டி உலர்த்திய பார்லியையும் ரை என்னும் தானியத்தையும் வெந்நீரில் ஊறவைப்பர். குடைந்த மரத்தொட்டியில் ஜூனிப்பர் மரக்கிளைகளைப் பரப்பி, அவற்றின் ஊடே சாற்றை வடிப்பர். நம்மவர் விரலால் செய்த வேலையை அங்கே கிளைகள் செய்தன. ஒரு காலத்தில் பண்ணைதோறும் சொந்தமாகக் காத்துவந்த ஈஸ்ட் இருந்தது. பிற்காலத்தில் அதன் இடத்திற்கு ரொட்டி செய்யும் ஈஸ்ட் வந்தது. முளைகட்டிய தானியமும் ஆலைகளிலிருந்து விலைக்கு வரலாயிற்று. ஆயினும் ஊறவைப்பதும் வடிப்பதும் புளிக்கவிடுவதும் மாறவில்லை. 1919 முதல் 1932 வரை அந்நாட்டிலும் மதுவிலக்கு இருந்தது. அதையும் தாண்டிச் சாஹ்தி பிழைத்தது. 2002-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதை மரபுவழிச் சிறப்புப் பொருளாகப் பதிவு செய்தது.

நம் நாட்டில் நடந்தது வேறு. சரக்கு மட்டும் மாறவில்லை; முறையே மாறிற்று. இரண்டு நாளில் விளையும் மெல்லிய நெற்கள் மறைய, வாலையில் காய்ச்சும் கடுஞ்சாராயம் ஓங்கியது. 1886-ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் கள்ளையும் சாராயத்தையும் அரசின் வருவாய்க்கு உரியனவாக வரையறுத்தது. 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1939-இல் எங்கள் வடஆர்க்காட்டுக்கும் வந்தது. பின்னர்ச் சில ஆண்டுகள் தளர்ந்து, 1948-இல் மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. அதை நான் பழிக்க வரவில்லை. குடியால் நலிந்த குடும்பங்களை நேரில் கண்டவன் நான். அம்முயற்சியின் நோக்கம் எனக்குத் தெரியும். இன்றும் வீட்டில் மது வடிக்கச் சட்டம் இடந்தருவதில்லை. நான் சொல்ல வந்தது, முறை மாறும்போது பொருளின் தன்மையும் மாறிவிடும் என்பதே. விருந்தினர்க்கும் வழிப்போக்கர்க்கும் வழங்கிய வீட்டுப் பானத்திற்கும், கூலியை வாங்கிக்கொண்டு மயக்கத்தைத் தரும் கடுஞ்சரக்கிற்கும் நெடுந்தொலைவு.

தோல் தொட்டியின் கதையும் இத்தகையதே. முன்பு ஆவாரம்பட்டையில் தோலைப் பதனிட்டுக் கடுக்காயால் நிறம் கொடுத்தனர். இருபதாம் நூற்றாண்டில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. ஆவாரைக்கு வாட்டில் மாற்றானதில் கேடொன்றும் இல்லை. பட்டைக்குப் பட்டை வந்தது. அடுத்து வந்தது குரோம் உப்பு. பட்டை பல வாரங்களில் செய்த வேலையை அது ஓரிரு நாளில் முடித்தது. 1970களில் அரைப்பதத் தோலின் ஏற்றுமதியைக் குறைத்து, முழுப்பதத் தோலையும் தோற்பொருள்களையும் ஊக்குவிக்கும் கொள்கை வந்தது. வேகம் பெருகியது, ஆயிரக்கணக்கானோருக்குப் பிழைப்பும் கிடைத்தது. அதை மறுப்பதற்கில்லை. ஆயின் பச்சைத் தோலிலிருந்து வழிந்த உப்பும், தொட்டிகளிலிருந்து வந்த கழிவும் நிலத்தடி நீரில் கலந்தன. 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை அத்தீர்ப்பு நாட்டுச் சட்டத்தில் நிலைநாட்டியது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. இருப்பினும் கெட்ட கிணறு ஒரு தீர்ப்பால் உடனே தெளிந்துவிடுமோ?

எங்கள் வீட்டுக் கிணறும் உப்பேறிப் போனது. பாட்டியார் மறைந்தபின் கூழ் காய்ச்சும் பொறுப்பு என் தங்கையிடம் வந்தது. கேழ்வரகை நனைத்து முளைகட்டி, உலர்த்தி அரைக்கிறாள். மாவு பழைய திருகையில் அன்று, மின்சார அரவையில்தான் ஆகிறது. முளையை இடித்துக் களியில் கலந்த அந்தப் பழங்கால அறிவு, போதையை உதிர்த்துவிட்டுப் பிள்ளைகளின் உணவாக எங்கள் அடுக்களையில் வாழ்கிறது. திருகை போய் அரவை இயந்திரம் வந்ததால் கூழின் சுவையில் குறையில்லை. ஆனால் ஆடி மாதத்தில் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் நாளில், தண்ணீரை வண்டியில் விலைக்கு வாங்குகிறோம்.

பின்லாந்துப் பண்ணையில் ஈஸ்ட் மாறியது. ஆம்பூர்த் தொட்டியில் பட்டை மாறியது. மாற்றம் வேண்டா என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஒரு பொருளுக்குப் பதில் இன்னொன்றைக் கொள்ளும்போது, அது முறையைக் காக்கிறதா, ஊர் நீரைக் காக்கிறதா என்று இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும். அந்தக் கேள்வியைக் கேளாது விட்டதன் விலையை, எங்கள் ஊரில் ஒவ்வொரு குடத்திற்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.