டைபாய்டு ஆய்வுகளில் சோடியம் பைகார்பனேட்டு

சோடியம் பைகார்பனேட்டு (சமையல் சோடா) என்பது டைபாய்டுக் காய்ச்சல் பற்றிய மருத்துவ ஆய்வுகளில் இரைப்பை அமிலத்தை நடுநிலையாக்கப் பயன்படும் வேதிப்பொருள் ஆகும். இது டைபாய்டைக் குணப்படுத்தும் மருந்தன்று. மாறாக, நோய்க்கிருமியோ உயிருள்ள வாய்வழித் தடுப்பு மருந்தோ அழியாமல் சிறுகுடலை அடைய வழிவிடுகிறது.

இரைப்பை அமிலத்தின் பங்கு

டைபாய்டை உண்டாக்கும் சால்மனெல்லா டைஃபி, மாசடைந்த உணவு, நீர் வழியாக உடலுக்குள் நுழைந்து சிறுகுடலின் சுவரைத் துளைத்துக் குருதியை அடைகிறது. இடையில் இருக்கும் தடை, இரைப்பையில் சுரக்கும் ஐதரோகுளோரிக் அமிலம். உட்கொண்ட கிருமிகளுள் பெரும்பாலானவை இங்கேயே மடிகின்றன. பைகார்பனேட்டு இவ்வமிலத்துடன் வினைபுரிந்து உப்பு, நீர், கரியமில வாயு ஆகியவற்றைத் தருகிறது (குடித்தபின் ஏப்பம் வருவது இவ்வாயுவால்தான்). அமிலம் குறைந்தவர்களுக்கு நோய் தொற்றும் வாய்ப்பு கூடுதல் என்பதால், சோடா நீர் டைபாய்டைத் தடுக்கும் என்று கருதுவது உண்மைக்கு நேர்மாறானது.

மேரிலாந்து ஆய்வுகள்

அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1970களின் நடுப்பகுதி வரை, சிறைவாசிகளான தன்னார்வலர்களுக்குப் பாலில் கிருமியைக் கலந்து அளித்தனர், பைகார்பனேட்டு சேர்க்கவில்லை. 1,000 கிருமிகளை உட்கொண்ட 14 பேரில் எவருக்கும் நோய் வரவில்லை. 1,00,000 கிருமிகளுக்கு ஏறத்தாழ 28 விழுக்காட்டினரும், ஒரு கோடிக்குப் பாதிப்பேரும் நோயுற்றனர். சிறையில் இருப்பவர் தரும் ஒப்புதல் எந்த அளவுக்குத் தன்விருப்பமானது என்ற கேள்வி வலுத்து, இத்தகைய ஆய்வுகள் அங்கு கைவிடப்பட்டன.

வாய்வழித் தடுப்பு மருந்து

டிஒய்21ஏ என்னும் வலுக்குறைந்த உயிருள்ள தடுப்பு மருந்தும் இதே அமிலத்தைக் கடக்கவேண்டும். எகிப்தின் அலெக்சாந்திரியாவில் 1978இல் தொடங்கிய ஆய்வில், குழந்தைகள் பைகார்பனேட்டு மாத்திரையை மென்றபின் நீரில் கரைத்த மருந்தைக் குடித்தனர். மூன்றாண்டுப் பாதுகாப்பு ஏறத்தாழ 96 விழுக்காடு. பின்னர் சிலி நாட்டின் சந்தியாகோவில், அமிலத்தில் கரையாத மேலுறை கொண்ட குளிகைகள் ஏறத்தாழ 67 விழுக்காடு பாதுகாப்பு அளித்தன. நோய்ப்பரவல் இரு இடங்களிலும் ஒரே அளவினதன்று. ஆகவே வேறுபாடு முழுவதையும் மருந்து வடிவத்தின் மேல் ஏற்றுவது சரியன்று.

ஆக்சுபோர்டு ஆய்வுகள்

2011இல் ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ பொல்லார்டு தலைமையிலான குழு மனிதத் தொற்று ஆய்வை மீண்டும் தொடங்கியது. தன்னார்வலர்கள் முதலில் பைகார்பனேட்டுக் கரைசலைக் குடித்து, பின்னர் அதே கரைசலில் கலந்த கிருமியை உட்கொண்டனர். 1,000 முதல் 5,000 கிருமிகளே 55 விழுக்காட்டினருக்கு நோயை உண்டாக்கின; 10,000 முதல் 50,000 வரையிலான அளவில் இது 65 விழுக்காடு. எனினும் இவ்வெண்களை மேரிலாந்து எண்களுடன் நேரடியாக ஒப்பிட இயலாது. மேரிலாந்தில் கடுங்காய்ச்சலே நோயாகக் கணக்கிடப்பட்டது. ஆக்சுபோர்டிலோ 12 மணிநேரம் நீடித்த 38 பாகை காய்ச்சல், அல்லது குருதியில் கிருமி காணப்படுதல் போதுமானது. நோய் உறுதியானவுடன் நுண்ணுயிர் எதிர்ப்பி கொடுக்கப்பட்டது.

இம்முறையைக் கொண்டு, ஐதராபாத்தின் பாரத் பயோடெக் தயாரித்த டைப்பார்-டிசிவி என்னும் இணைப்புத் தடுப்பூசி சோதிக்கப்பட்டது. 2017இல் வெளியான முடிவின்படி அதன் செயல்திறன் 54.6 விழுக்காடு. டைபாய்டு பரவியுள்ள நாடுகளில் ஆறு மாதக் குழந்தைகள் முதல் இணைப்புத் தடுப்பூசியைப் பயன்படுத்தலாம் என 2018இல் உலக சுகாதார அமைப்பு பரிந்துரைத்தது.