சன்னலில் படியும் நீர்த்துளியும் வீட்டுப் பூஞ்சணமும்: நோயாளிகளும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

காலையில் சன்னல் கண்ணாடியில் நீர்த்துளிகள் வழிந்திருப்பதைக் கண்டால், துணியால் துடைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். வீட்டில் ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் நோய் அல்லது நோயெதிர்ப்பாற்றல் குறைவு உள்ளவர் இருப்பின், பூஞ்சணம் கண்ணில் படுவதற்கு முன்பே கிடைக்கும் எச்சரிக்கை அதுவே.

நீர்த்துளி எவ்வாறு உண்டாகிறது?

வெப்பமான காற்றில் நீராவி மிகுதியாகத் தங்கும். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 30 கிராம் வரை இருக்கலாம். 10 டிகிரியில் 9 கிராம் அளவே இருக்க இயலும். ஆகவே, ஈரக் காற்று குளிர்ந்த பரப்பைத் தொடும்போது எஞ்சிய நீராவி நீராகிப் படிகிறது.

துளி கண்ணாடியின் எப்பக்கம் உள்ளது என்பதைக் கவனியுங்கள். உதகை, குன்னூர், கொடைக்கானல் போன்ற மலையூர்களில் குளிர்கால இரவுகளில் அது உட்புறம் படியும். வீட்டுக் காற்றில் ஈரம் மிகுந்துள்ளது என்பது இதன் பொருள். சென்னை போன்ற கடலோர நகரங்களில் குளிரூட்டி இயங்கும் அறையின் கண்ணாடியில் அது வெளிப்புறம் படியும். கண்ணாடியைப் பொறுத்தவரை இதனால் கவலை இல்லை. ஆனால் அதே குளிர் சுவரையும் தாக்குகிறது. வெளிக்காற்று 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் கொண்டிருந்தால், 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எப்பரப்பிலும் நீர் படியும். குளிரூட்டியை 18 டிகிரியில் இரவு முழுவதும் இயக்கும்போது, அடுத்த அறையில் அச்சுவரை ஒட்டி நிற்கும் அலமாரியின் பின்புறம் பூஞ்சணம் பிடிப்பது இதனாலேயே. 24 டிகிரி அல்லது அதற்கு மேல் வைப்பது நல்லது.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

மூச்சு, குளியல், சமையல் ஆகிய மூன்றும் அனைவரும் அறிந்தவை. எரிவாயு எரிவதாலேயே நீராவி உண்டாகிறது என்பதைப் பலர் அறிவதில்லை: 1 கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீர் காற்றில் கலக்கிறது. மழைக்காலத்தில் அறைக்குள் கொடி கட்டித் துணி உலர்த்தினால், துணியிலுள்ள நீர் முழுவதும் அவ்வறையின் காற்றுக்கே செல்லும். நோயாளி உறங்கும் அறையில் துணி உலர்த்துவதைக் கட்டாயம் தவிர்க்கவும்.

மொட்டைமாடி ஒழுகல், குழாய்க் கசிவு, அடிச்சுவரில் ஏறும் ஓதம் ஆகியவை இருந்தால், அவற்றைச் சரிசெய்யாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை. நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்திற்குள் உலராவிட்டால் பூஞ்சணம் வளரத் தொடங்கலாம்.

வீட்டினுள் ஈரப்பதம் 60 சதவீதத்திற்குக் குறைவாக இருப்பது நல்லது. சிறிய ஈரப்பதமானி ஒன்றை வாங்கி நோயாளியின் அறையில் வைக்கலாம். சமைக்கும்போதும் குளித்த பின்னரும் காற்றை வெளியேற்றும் விசிறியை இயக்குங்கள். மழை பெய்யும்போது சன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளேதான் வரும். மழை விட்டு வெயில் வந்தபின் திறந்து வைக்கவும். மலையூர்களில் அறையை உலர்த்தவோ குளிர்காயவோ மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைக்காதீர்கள். அதிலிருந்து வெளிப்படும் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

உடல்நலப் பாதிப்புகள்

பூஞ்சண வித்துகளைச் சுவாசிப்பதால் தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு, இருமல் ஆகியவை ஏற்படலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இளைப்பு தூண்டப்படலாம். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டோர், நீண்டகாலம் ஸ்டீராய்டு உட்கொள்வோர் ஆகியோருக்கு நுரையீரலில் கடுமையான பூஞ்சைத் தொற்றும் ஏற்படக்கூடும்.

சுவரில் கருமையாகத் தெரிவதைக் கண்டு, 2021ஆம் ஆண்டில் பேசப்பட்ட ‘கருப்புப் பூஞ்சை’ நோய் என்று அஞ்ச வேண்டாம். அந்நோயை உண்டாக்குவது வேறு வகைப் பூஞ்சை. பூஞ்சணத்தின் நிறத்தை வைத்து அதன் தீங்கைக் கணிக்க இயலாது. எந்நிறமாயினும் அகற்ற வேண்டியதே.

தூய்மை செய்யும் முறை

நோயாளி இப்பணியைச் செய்யக்கூடாது. அவ்வேளையில் அவ்வறையில் இருக்கவும் கூடாது. செய்பவர் என்95 முகக்கவசமும் கையுறையும் அணிய வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் வித்துகள் காற்றில் பரவும். சோப்பு நீரில் நனைத்த துணியால் தேய்த்துத் துடைத்து, அவ்விடத்தை முற்றிலும் உலர விடுங்கள். பிளீச்சிங் பவுடரைக் கழிவறை அமிலத்துடன் ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயுவான குளோரின் வெளிப்படும். பூஞ்சணம் ஊறிய மெத்தை, தலையணை ஆகியவற்றை அப்புறப்படுத்துவதே சரி. பூஞ்சணத்தின் மீது சுண்ணாம்போ வண்ணமோ பூசினால் சில வாரங்களில் அது மீண்டும் வெளிப்படும். ஏறத்தாழ ஒரு சதுர மீட்டருக்கு மேல் பரவியிருந்தால் அனுபவமுள்ள பணியாளரை அழைக்கவும்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

வீட்டைவிட்டு வெளியே இருக்கும்போது இருமல் தணிந்து, திரும்பியதும் கூடுகிறதா எனச் சில நாட்கள் குறித்து வையுங்கள். அக்குறிப்பையும் பூஞ்சணம் பிடித்த இடத்தின் படத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள். இன்ஹேலரின் தேவை வழக்கத்தைவிடக் கூடினால் தாமதியாமல் அணுகவும். நோயெதிர்ப்பாற்றல் குறைந்தவருக்குக் காய்ச்சலுடன் இருமலோ, சளியில் இரத்தமோ காணப்பட்டால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மூச்சுத்திணறலால் பேச இயலாத நிலையோ உதடு நீலமாவதோ ஏற்பட்டால் உடனே 108 எண்ணை அழைக்கவும்.