சாவு வீட்டில் நண்பனுக்கு என்ன முறை?

2009 அக்டோபரில் பேஸ்புக் ஒரு புது வசதியைக் கொண்டுவந்தது. நெடுநாளாகப் பேச்சில்லாத நண்பரின் படத்தைப் பக்கத்தின் ஓரத்தில் காட்டி, அவரைக் கொஞ்சம் விசாரிக்கச் சொன்னது. நல்ல எண்ணம்தான். ஆனால் பேச்சில்லாமல் போனவர்களில் சிலர் உயிரோடில்லை என்பது கணினிக்குத் தெரியவில்லை. அடக்கம் செய்துவிட்டு வந்த நண்பன், சிரித்த முகத்தோடு திரையில் வந்து நின்றான்.

புகார்கள் குவிந்தன. அந்த மாதம் 26ஆம் தேதி, கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவுத் தலைவர் மேக்ஸ் கெல்லி ஒரு விளக்கம் எழுதினார். அவருடைய உற்ற நண்பரும் அதே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவர். சேர்ந்த சில வாரங்களிலேயே சைக்கிள் விபத்தில் போய்விட்டார். அந்த நண்பரின் பக்கத்தை என்ன செய்வது என்ற கேள்வி அப்போதே அலுவலகத்துக்குள் எழுந்திருக்கிறது. பதிலாக வந்ததுதான் நினைவுப் பக்கம். அன்றைய விதிப்படி யாரும் உள்ளே நுழைய முடியாது, புதிதாக நட்புக் கோர முடியாது, பழைய நண்பர்கள் மட்டும் வந்து எழுதிவிட்டுப் போகலாம்.

இதற்கு வித்திட்டவர்களில் மாணவர்களும் உண்டு. 2007 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 32 பேர் கொல்லப்பட்டார்கள். இறந்தவர் பக்கத்தைச் சில காலத்தில் நீக்கிவிடுவது அன்றைய வழக்கம். கூடப் படித்தவர்கள் அதை எதிர்த்தார்கள், பக்கங்கள் தப்பின.

நம் ஊர்ச் சடங்கை நினைத்துப் பார்த்தால் அந்தப் பிடிவாதம் புரியும். கொள்ளி மகனுக்கு, நீர்மாலை பங்காளிக்கு, கோடி பிறந்த வீட்டுக்கு. நண்பனுக்கு? பாடைக்குத் தோள் கொடுக்கலாம், அவ்வளவுதான். பதினாறாம் நாள் பந்தியில் உட்கார்ந்தாலும் அவன் வந்தவர்களில் ஒருவன்.

இணையத்தில் கல்லறை கட்டும் யோசனை இதற்கெல்லாம் முந்தியது. புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த டொராண்டோ இன்ஜினியர் மைக்கேல் கிப்பி, 1995இல் ஓர் இணைய மயானத்தையே தொடங்கினார். ஆனால் அங்கே இருந்தவை, செத்த பிறகு பிறர் எழுப்பிய சமாதிகள். பேஸ்புக்கில் கிடந்ததோ இறந்தவர் தாமே பேசிய பேச்சு, அடித்த அரட்டை, பாதியில் நின்ற கிண்டல்.

அப்படி விட்டுப்போன பேச்சு பெற்றவர்களுக்கே பிள்ளையை அறிமுகப்படுத்தியதும் உண்டு. நார்வேயைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீன், தசைகளைச் சிதைக்கும் டுஷென் நோயால் சக்கர நாற்காலியில் வாழ்ந்து, 2014 நவம்பரில் 25 வயதில் இறந்தார். ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற கணினி விளையாட்டிலேயே பிள்ளை பொழுதைப் போக்கிவிட்டானே என்பது பெற்றோரின் ஏக்கம். அவருடைய வலைப்பூவில் மரணச் செய்தியைப் போட்டுத் தன் மின்னஞ்சல் முகவரியையும் கொடுத்தார் அப்பா. கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. இபெலின் என்ற பெயரில் விளையாட்டுக்குள் உலவிய தங்கள் மகன் எத்தனை பேருக்கு ஆறுதலாக இருந்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. டென்மார்க், நெதர்லாந்து, பின்லாந்து என்று பல நாடுகளிலிருந்து விளையாட்டுத் தோழர்கள் இறுதிச் சடங்குக்கு வந்தார்கள். மாட்ஸை நேரில் ஒருமுறைகூடப் பார்த்திராதவர்கள்.

நண்பர்களுக்காகப் போட்ட பூட்டு சில இடங்களில் பெற்றவர்களையே வெளியே நிறுத்தியது. 2012இல் பெர்லினில் 15 வயதுப் பெண் சுரங்க ரயில் மோதி இறந்தாள். விபத்தா, தற்கொலையா? மகளின் கடவுச்சொல் அம்மாவிடம் இருந்தது. அவர் நுழையப் போனபோது அது நினைவுப் பக்கமாகிவிட்டிருந்தது. யாரோ ஒரு பயனர் தகவல் கொடுத்திருந்தார். மகளோடு அரட்டையடித்தவர்களின் அந்தரங்கம் என்னாவது என்று கேட்டு, 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தாய்க்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்த வாதம் அற்பமானது என்று தள்ளிவிட முடியாது. 2018 ஜூலை 12 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, டைரியும் கடிதமும் வாரிசுக்குப் போவதுபோல இந்தக் கணக்கும் போகும் என்றது.

பேஸ்புக் ஒரு பென்டிரைவைக் கொடுத்தது. அதற்குள் 14,000 பக்கங்களுக்கு மேல் ஒரே பிடிஎஃப். பெற்றோர் மறுபடி நீதிமன்றம் ஏறினார்கள். மகள் உலவியதுபோலவே அவர்களும் அந்தக் கணக்குக்குள் உலவ வழிவிட வேண்டும் என்று 2020இல் உத்தரவானது. எல்லாவற்றையும் திறந்து படிக்கலாம். அவள் பெயரில் ஒரு வரிகூட எழுதக் கூடாது.