செங்குரங்கின் ஆயுட் கணக்கு

இலங்கைக்கே உரிய செங்குரங்கிற்கு விஞ்ஞான நூல்களில் வழங்கும் பெயர் பிழைபட்டதொரு பெயராகும். சுவீடன் தேசத்து இயற்கைநூற் பேரறிஞர் லின்னேயசு 1771 ஆம் ஆண்டில் அதற்கு இட்ட பெயரின் பொருள் ‘சீனத்துக் குரங்கு’ என்பதே. சீனக் காடுகளில் இக்குரங்கு வாழ்ந்ததில்லை. ஊரறியாது பெயரிட்ட அறிஞருலகம், அதன் வாழ்நாட் கணக்கை அறிதற்கு மேலும் இருநூறு ஆண்டளவு காத்திருக்க வேண்டியதாயிற்று.

சிங்கள மக்கள் ‘ரிலவா’ என வழங்கும் இக்குரங்கு உருவிற் சிறியது. உச்சந்தலை மயிர் சுழித்துப் பரந்து, தொப்பி கவிழ்த்தாற்போலத் தோன்றும். கூட்டில் வைத்துப் பேணினால் முப்பது ஆண்டுகளையும் கடந்து வாழ வல்லது. அதுகொண்டு, காட்டுக் குரங்கும் அவ்வாறே முதுமை எய்தும் எனப் பலர் எண்ணியிருத்தல் கூடும். ஆனாற் கூட்டிலே உணவு தேடி வருகின்றது. காட்டிலே உணவைத் தேடிப் போதல் வேண்டும். இவ்வேறுபாடு எத்துணைப் பெரிது என்பதைக் காட்டிய இடம் பொலன்னறுவை.

சோழர் ஜனநாதமங்கலம் எனப் பெயரிட்டு ஆண்டதும், பின்னர்ப் பராக்கிரமபாகு மன்னன் பொலிவுறச் செய்ததுமாகிய அப்பழம் பதியின் இடிபாடுகளிடையே செங்குரங்குகள் கூட்டங் கூட்டமாய் வாழ்கின்றன. 1968 ஆம் ஆண்டில் வொல்ப்காங் டிட்டஸ் என்னும் ஆய்வாளர், அமெரிக்காவின் சிமித்சோனியன் நிறுவகத்தின் சார்பில் அங்கு வந்தார். அவர் கையாண்ட முறை எளியது. ஆயினும் மிகுந்த பொறுமையை வேண்டுவது. முகத்தின் புள்ளி, காதின் கிழிசல், மயிரின் சுழி முதலிய அடையாளங்களால் ஒவ்வொரு குரங்கையும் தனித்தனியே இனங்கண்டு, அதன் பிறப்பையும் இறப்பையும் ஏட்டிற் பதிந்து வந்தார். ஒருவர் சில மாதங்களில் முடித்துவிடக்கூடிய வேலையன்று அது. அரை நூற்றாண்டுக்கு மேலாக அவ்வேடு தொடர்ந்து எழுதப்பட்டு வந்துள்ளது.

முதற் சில ஆண்டுகளின் கணக்கு 1977 இல் வெளியாயிற்று. பிறந்த ஆண் குட்டிகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 90 உம், பெண் குட்டிகளுள் 85 உம் பருவமடைந்து முதிர்வதற்கு முன்னரே மடிந்தன என்பது அதன் முடிபு. காட்டிலே கிழக்குரங்கு ஒன்றைக் காண்போர், பத்திலொன்றாய்த் தப்பிப் பிழைத்ததொரு வாழ்வையே காண்கின்றனர்.

மடிவன எவை என்பதே நம் சிந்தனைக்குரியது. செங்குரங்குக் கூட்டத்தில் ஒவ்வொன்றிற்கும் ஒரு படிநிலை உண்டு; மகள் தாயின் நிலையை ஒட்டியே நிற்கும். அத்தி பழுத்த கிளையில் உயர்ந்தவை அமர்ந்திருக்கத் தாழ்ந்தவை விலகி, தரங்குறைந்த இரையை நெடுநேரந் தேடி அலையும். கன்னப்பையிற் சேர்த்து வைத்த உணவையுங்கூட, மேனிலைக் குரங்கு வாயைத் திறந்து பறித்துக்கொள்வதுண்டு! இளம் பெண் குட்டிகளே இவ்வொழுங்கின் அடியில் நிற்பன. ஆகையால் இளமையில் அவையே மிகுதியாய் இறக்கின்றன. ஆணுக்கு இடர் பிந்தியே வருகின்றது. பருவமெய்தும் காலத்தில் அது பிறந்த கூட்டத்தை விட்டு நீங்கி, அயற்கூட்டத்திற் புகுதல் வேண்டும். அங்கே வரவேற்பு இல்லை. கடியும் காயமுமே உண்டு. வறுமையுற்ற ஆண்டில் இவ்விரு வகைச் சாவுகளும் பெருகிக் காட்டின் உணவிற்கேற்பக் கூட்டத்தின் தொகையைக் குறைத்துவிடுகின்றன.

மனிதர் எறியும் எச்சிற் சோறும், குப்பைமேடும், கோயிலிற் கொடுக்கும் பழமும் இக்கணக்கை மாற்றின. பசியால் மடிந்திருக்க வேண்டிய குட்டி பிழைக்கின்றது, கூட்டம் பருக்கின்றது. காடு சுருங்கியமையாற் குரங்குகள் தோட்டங்களுக்கு வந்தன. தென்னையில் இளங்குரும்பையைப் பறிகொடுத்த கமக்காரனுக்கு, பத்தில் ஒன்பது இறக்கும் என்னும் செய்தி ஆறுதலாகாது. அவன் முறைப்பாடு பொய்யன்று. 2023 ஆம் ஆண்டில் ஒரு லட்சம் செங்குரங்குகளைச் சீனத்திற்கு அனுப்பலாம் என்றொரு யோசனை எழுந்து, எதிர்ப்பினாற் கைவிடப்பட்டது. லின்னேயசின் பிழை மெய்யாகிவிடும் போலிருந்த காலம் அது.

2025 மார்ச் 15 ஆந் திகதி காலை 8 மணி முதல் ஐந்து நிமிடங்களுக்கு, தத்தம் வீட்டு வளவிலும் தோட்டத்திலும் காணும் குரங்கு முதலிய விலங்குகளை எண்ணுமாறு நாடெங்கும் மக்கள் கேட்கப்பட்டனர். தலைகளை ஐந்து நிமிடத்தில் எண்ணிவிடலாம். எது குட்டி, எது கிழம், எவற்றுள் எத்தனை அடுத்த வறட்சியைத் தாண்டும் என்பவற்றை அந்நேரத்தில் அறிதல் இயலாது. அன்று காலை தாயின் வயிற்றைப் பற்றித் தொங்கிய பெண் குட்டியொன்று உயிர்தப்பி வளருமாயின், அதன் முதற் பேறு 2030 ஆம் ஆண்டளவிலேயே நிகழும்.