லயத்து அறையும் குடியமர்வும்: திம்புள்ளத் தோட்டங்கள் பற்றிய ஒரு நோக்கு

தொழில் நாடிக் கடல் கடந்து செல்லும் மனிதன் புதிய மண்ணில் முதலில் தேடுவது தலைசாய்க்க ஓர் இடமேயாகும். எனினும் தங்குதற்கு இடம் பெறுவதும் குடியமர்வதும் ஒன்றல்ல. முன்னையது ஓரிரவில் கைகூடும். பின்னையதற்குத் தலைமுறைகளும் போதாது போகலாம். இவ்வுண்மையை மலையகத் தமிழரின் வரலாறு, சிறப்பாகத் திம்புள்ளத் தோட்டங்களின் வரலாறு, நன்கு புலப்படுத்துகின்றது.

கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தோர் பெரும்பாலும் ஆடவராவர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே பல நாள் நடந்து மாத்தளையை அடைந்து, அங்கிருந்து மலையேறிய இவர்கள், பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். நோயும் பசியும் வழியிலேயே பலரைப் பலிகொண்டன. நிலையற்ற தொழிலாளருக்கு நிலையான வீடு தேவையில்லை என்பதே தோட்டத்துரைமாரின் கணிப்பாக இருந்தது.

1869 இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பற்றிக்கொண்டது. புகையிரதம் 1884 இல் அட்டனையும் 1885 இல் நானுஓயாவையும் அடைந்தமை திம்புள்ளையின் வளர்ச்சிக்குத் துணைபுரிந்தது. பயிர் மாறியபோது தொழிலாளர் வாழ்வும் மாறியது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும், வாரத்துக்கு ஒருமுறை என்ற அளவில் பறிக்கப்பட வேண்டியது. இதற்குப் பெண்களின் உழைப்பு இன்றியமையாததாயிற்று. எனவே குடும்பங்கள் வந்தன, வந்தவை தங்கின. 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற் சேவை தொடங்கியதும் பயணம் மேலும் எளிதாயிற்று.

ஆனால் இக்குடும்பங்களுக்குக் கிடைத்த இருப்பிடமோ தனியாருக்கென அமைந்த கொட்டிலின் விரிவே. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த அறைகளே லயம் எனப்பட்டன. பல லயங்களில் அறைகள் முதுகோடு முதுகு ஒட்டியவாறு இரு பக்கமும் அமைந்தன. ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவினதான ஒரு காம்பராவும், அதன் முன்னே ஒடுங்கிய இஸ்தோப்புமே ஒரு குடும்பத்தின் உலகம். கட்டுஞ் செலவு குறைவு, விடியற்காலைப் பெரட்டுக்கு ஆட்களைத் திரட்டுவது எளிது, கண்காணிப்பதும் எளிது. லயத்தின் வடிவத்தை வகுத்தவை இவையேயன்றி, அதில் வாழ்வோரின் தேவைகளல்ல.

இத்தகைய இடத்தையும் மக்கள் ஊராக்கினர் என்பதே வியத்தற்குரியது. ஒரே கங்காணியின் கீழ் வந்த உறவினரும் ஊரவரும் அடுத்தடுத்த காம்பராக்களில் குடியேறினர். மகனுக்கு மணம் முடிந்ததும் நடுவே ஒரு சேலைத் திரை தொங்கியது; ஒரு காம்பரா இரண்டாயிற்று. லயத்தின் ஓரத்தில் கறித்தோட்டம் முளைத்தது. மாரியம்மனுக்குக் கோயில் எழுந்தது. மாசியில் காமன் கூத்து ஆடப்பட்டது. இறந்தோர் தேயிலை மலைகளிலேயே புதைக்கப்பட்டனர். முன்னோர் புதைந்த மண்ணை அந்நிய மண் என்று எவரும் கருதார்.

ஆயினும் சட்டம் அவ்வாறு கருதியது. காம்பரா தொழிலோடு பிணைக்கப்பட்டிருந்தது. தோட்டப் பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கின் கூரையும் நீங்கும் என்ற அச்சம் தொழிலாளரை ஆட்டிவைத்தது. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வீட்டுரிமையற்றோர் நாட்டுரிமையும் இழந்தனர். 1964 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோராக வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். இந்தியா சென்றோருள் பலர் நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் தொழிலாளர் குடியிருப்புகளையே அடைந்தனர். மலையகத்தில் இந்தியத் தமிழர் எனப்பட்டவர், தாயகத்திலே 'சிலோன்காரர்' ஆயினர்.

எஞ்சியோருக்கு நிலம் எத்துணை முக்கியமானது என்பதை 1977 மே மாதம் திம்புள்ளப் பகுதியின் டெவன் தோட்டத்தில் நிகழ்ந்தது உணர்த்தும். நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிறருக்குப் பகிர்ந்தளிக்கும் முயற்சியைத் தொழிலாளர் எதிர்த்தனர். அப்போராட்டத்தில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு சிவனு லெட்சுமணன் பலியானார். அக்காணி அவருக்குச் சட்டப்படி உரியதன்று. எனினும் அது பறிபோனால் தம் மக்களுக்கு நிற்க இடமில்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

2003 ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கியது. 2015 இன் பின்னர் 7 பேர்ச் காணியில் தனிவீடு என்னும் கொள்கை முன்வைக்கப்பட்டது; இந்திய உதவியுடனும் வீடுகள் எழுந்தன. ஆயினும் இன்றும் பல குடும்பங்கள் லயங்களிலேயே வாழ்கின்றன. வாக்குரிமை பெற்ற பின்னரும் வாசலுக்கு உரிமை பெறாதோர் அவர்கள்.

வீடு என்பது சுவரும் கூரையும் மட்டுமன்று. அதிலிருந்து தன்னை எவரும் வெளியேற்ற முடியாது என்னும் உறுதியுமாகும். சுவரை வெள்ளையர் கட்டினர்; வாழ்வை மக்கள் கட்டினர். அவ்வுறுதியைக் காணியுறுதியாக அவர்தம் கையில் ஒப்படைக்கும் நாளிலேயே, மன்னார்க் கரையில் தொடங்கிய அந்த நெடும்பயணம் நிறைவெய்தும்.