இல்லாத ஒலியின் சரித்திரம்

இரண்டு மொழிகளில் ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களைக் கண்டவுடன் உறவு கொண்டாடிவிடும் ஆசை பலருக்கு இருக்கிறது. மொழியியலின் சரித்திரம் இந்த ஆசைக்கு எதிரான சரித்திரம். லத்தீனில் கடவுளுக்கு 'தேயுஸ்', கிரேக்கத்தில் 'தெயோஸ்'. பொருள் ஒன்று, ஒலியும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. லத்தீன் சொல்லின் உறவு சமஸ்கிருத 'தேவ'. 'தெயோஸ்' வேறு வேரிலிருந்து வந்தது. மாறாக, ஆர்மீனிய மொழியில் இரண்டுக்கு 'எர்கு' என்று பெயர். காதுக்கு எந்த ஒற்றுமையும் தட்டுப்படாத இந்தச் சொல், சமஸ்கிருத 'த்வி'க்கும் லத்தீன் 'துவோ'வுக்கும் உடன்பிறப்பு. காரணம், மற்ற மொழிகளின் 'த்வ' வரவேண்டிய இடத்தில் ஆர்மீனியத்தில் 'ர்க்' வருவது இந்த ஒரு சொல்லில் மட்டுமல்ல; நீளம், அச்சம் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களிலும் அப்படித்தான்.

ஆக, முக்கியம் ஒற்றுமை அல்ல, ஒழுங்கான வேற்றுமை. 1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே ஊற்றிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று சொன்னபோது அது ஒரு கூர்மையான யூகம். அதை முறையாக மாற்றியவர்கள் 1818இல் ராஸ்க், 1822இல் கிரிம். 'பித்ரு', 'பாட்டெர்', 'ஃபாதர்'. 'பாத', 'பெத்', 'ஃபுட்' என்று ஒரு 'ப'வுக்கு எதிரே ஒரு 'ஃப' வரிசை தவறாமல் நிற்கிறது. இப்படிக் கிடைத்த ஒழுங்குகளை வைத்துத்தான் யாரும் கேட்டிராத ஆதிமொழியை மீட்டுருவாக்குகிறார்கள். 1868இல் ஷ்லைஷர் அந்த மொழியில் ஆட்டையும் குதிரைகளையும் பற்றி ஒரு நீதிக்கதையே எழுதினார். பின்வந்தவர்கள் அதைத் திரும்பத் திரும்பத் திருத்தி எழுதியிருக்கிறார்கள். கதை அதேதான். மாறியது ஆதிமொழி.

அப்படியானால் இந்த வேர்கள் வெறும் கற்பனையா? இதற்கு ஸஸ்ஸூரின் வழியாகப் பதில் தேடுவது நல்லது. நமது விமர்சகர்கள் அவரை அமைப்பியலின் பிதாவாக மட்டும் அறிவார்கள். 1878இன் இறுதியில், இருபத்தோரு வயதில், அவர் இந்தோ-ஐரோப்பிய ஆதி உயிரொலிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சாதாரண வேர்களில் நடுவில் நிற்கும் 'எ' சில வடிவங்களில் உதிர்ந்துவிடும், மற்றவை நிற்கும். ஆனால் 'ஸ்தா' (நில்) போன்ற நெடில் வேர்கள் இந்த ஒழுங்கிற்குள் வரவில்லை. அதே வேரிலிருந்து 'ஸ்தானம்' நெடிலோடும் 'ஸ்திதி' குறிலோடும் வருகின்றன. ஸஸ்ஸூர் சொன்னார்: நெடில் என்பது தனி ஒலியே அல்ல, 'எ'யோடு மறைந்துபோன இன்னொரு ஒலி சேர்ந்த விளைவு. 'எ' உதிரும்போது அந்த இன்னொன்று தனியே நின்று சமஸ்கிருதத்தில் 'இ' ஆகிறது. அது எப்படி ஒலித்தது என்று அவர் சொல்லவில்லை. அமைப்பில் அதற்கு ஓர் இடம் இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அறிஞர்கள் பெரும்பாலோர் இதைப் பொருட்படுத்தவில்லை. அறிந்த எந்த மொழியிலும் இல்லாத ஒலியை யார் ஒப்புக்கொள்வார்கள்? 1913இல் ஸஸ்ஸூர் இறந்தார். இரண்டு வருஷம் கழித்து, அனடோலியாவில் கிடைத்திருந்த களிமண் பலகைகளின் ஹிட்டைட் மொழியும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்ததே என்று ஹ்ரோஸ்னி அறிவித்தார். 1927இல் குரிலோவிச் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஸஸ்ஸூர் காலியிடம் விட்டிருந்த பல இடங்களில் ஹிட்டைட்டில் 'ஹ' போன்ற ஒரு மெய்யொலி எழுதப்பட்டிருந்தது. காப்பதற்கு சமஸ்கிருதத்தில் 'பா', ஹிட்டைட்டில் 'பஹ்ஸ்'. எலும்புக்கு சமஸ்கிருதத்தில் 'அஸ்தி', கிரேக்கத்தில் 'ஒஸ்தெயோன்', ஹிட்டைட்டில் 'ஹஸ்தாய்'. அவர் கணக்கிட்ட எல்லாம் இப்படி எழுத்தில் அகப்பட்டுவிடவில்லை. அந்த ஒலிகளின் உச்சரிப்பு பற்றி இன்றும் சர்ச்சை உண்டு. இடம் பற்றிய சர்ச்சைதான் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது.

வங்கியில் கணக்கு ஒத்துப்போகாதபோது வித்தியாசத் தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் வைப்போம். அது கற்பனைத் தொகை அல்ல. எங்கிருந்து வந்தது என்று தெரியாத தொகை. என்றாவது ஒரு வவுச்சர் வந்து அதைத் தீர்க்கும். வேர்ச்சொல்லும் அப்படிப்பட்ட ஒரு பதிவுதான். பல மொழிகளுக்கு இடையிலான உறவின் சுருக்கெழுத்து அது.

அதை ஒரு மூதாதையாக, அந்த மூதாதையை ஒரு ரத்தமாக எண்ணத் தொடங்கியபோதுதான் விபரீதம் நேர்ந்தது. 'ஆரிய' என்பது மொழிக்கே பொருந்தும், இனத்துக்கு அல்ல என்று மாக்ஸ் முல்லர் 1888இல் கண்டித்து எழுதினார். 1933இல் ஜெர்மனியில் அந்தச் சொல் சட்டத்தில் ஏறி, அரசு அலுவலர்களை வேலையைவிட்டுத் துரத்தியது. பாட்டன் பாட்டி யார் என்று சான்றிதழ் கேட்டது. மொழியியல் தந்த ஒரு சொல்லுக்கு அதைவிடக் கேவலமான உபயோகம் இருக்க முடியாது.

நம்மிடையே இந்த ஆசை வேறு உருவத்தில் உலவுகிறது. உலக மொழிகளின் சொற்களையெல்லாம் தமிழிலிருந்தோ சமஸ்கிருதத்திலிருந்தோ பிறப்பிக்கும் பட்டியல்களுக்குக் குறைவில்லை. 'ஸ்தானம்' தமிழில் இருப்பதால் தமிழ் லத்தீனுக்கு உறவாகிவிடாது, அது இரவல். தெலுங்கு, தமிழ், கன்னடம் ஆகியவை சமஸ்கிருதத்தின் கிளைகள் அல்ல என்று 1816இல் எல்லிஸ் நிறுவியது ஒலியொற்றுமை காட்டி அல்ல. வேர்களையும் அமைப்பையும் ஒப்பிட்டுத்தான். பால், பல், புலி என்று நாம் சொல்ல, கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி என்கிறார்கள். ஒரு 'ப'வுக்கு ஒரு 'ஹ', சொல்லுக்குச் சொல். தமிழின் பழமைக்கும் தனித்தன்மைக்கும் இந்தச் சலிப்பூட்டும் ஒழுங்கு தருகிற ஆதாரத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூட அந்தப் பட்டியல்கள் தந்ததில்லை. இனி யாராவது ஒரு பட்டியலோடு வந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்த ஒலிக்கு எதிரே எந்த ஒலி, எத்தனை சொற்களில்?