அடிக்கட்டணம் அசையவில்லை: கார் ஓட்டத்தைக் கண்காணிக்கும் காப்பீட்டின் வரலாறு குறித்து

காரில் ஒரு கருவியைப் பொருத்தி, ஓட்டும் விதத்தைக் கவனித்து, இன்சூரன்ஸ் பிரீமியத்தைக் குறைக்கும் முறைக்குப் பொருளியலாளர் வில்லியம் விக்ரியையே மூலவராகச் சொல்வது வழக்கம். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரே தொகை என்பதை அவர் 1968இல் சாடினார். ஓடும் தூரத்துக்கு ஏற்பக் கட்டணம் இருக்க வேண்டும், அதை டயர் விலையிலோ பெட்ரோல் விலையிலோ சேர்த்தே வசூலிக்கலாம் என்றார். இந்த வாதத்தை விரித்து, 2008இல் புரூக்கிங்ஸ் நிறுவனத்துக்காக ஜேசன் போர்டாஃபும் பாஸ்கல் நோயலும் எழுதிய அறிக்கையே இன்றுவரை பலர் எடுத்தாளும் ஆதாரம். அவர்கள் கருவியைப் புரிந்துகொண்ட விதத்தில் எனக்கு உடன்பாடில்லை.

மைலுக்கு இவ்வளவு என்று வைத்தால் அமெரிக்காவில் கார் ஓட்டம் 8 சதவீதம் குறையும். சமூகத்துக்கு ஆண்டுக்கு 5,000 கோடி முதல் 6,000 கோடி டாலர்வரை ஆதாயம். மூன்றில் இரண்டு குடும்பங்களுக்குச் செலவு இறங்கும், இறங்குவோருக்குக் காருக்குச் சராசரி 270 டாலர் மிஞ்சும். இது அவர்களது கணக்கு. இவ்வளவு நல்ல சரக்கு ஏன் விலைபோகவில்லை? தூரத்தை நம்பகமாக அளக்கச் செலவாகிறது, பலனில் பெரும்பங்கு நிறுவனத்துக்கு வராமல் ஊருக்குப் போகிறது என்கிறார்கள். ஆகவே பாலிசிக்கு 100 டாலர் வரிச்சலுகை கேட்டார்கள். கணக்கோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் அவர்கள் பார்வையில் கருவி என்பது நம்பகமான ஓடோமீட்டர், அவ்வளவுதான். அது மலிந்தால் மைல் கட்டணம் வந்துவிடும். கருவி மலியத்தான் செய்தது. மைல் கட்டணமோ ஓரத்திலேயே நின்றது. அதை நம்பி 2011இல் தொடங்கிய மெட்ரோமைல், 2022இல் லெமனேடு நிறுவனத்தின் கைக்குப் போனது.

காரணம், கருவியின் பிறப்பிலேயே இருக்கிறது என்பது என் வாதம். இந்தக் கருவிக்கான, 5,797,134 எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமைக்குப் புரோகிரெசிவ் என்ற காப்பீட்டு நிறுவனம் 1996 ஜனவரியில் விண்ணப்பித்து, 1998 ஆகஸ்டில் அதைப் பெற்றது. அதன் தொடக்கச் சுருக்கம் ஒரே பத்திதான். நிதானமாகப் படிக்க வேண்டும். வண்டியின் நிலையையும் ஓட்டுநரின் செயலையும் காட்டும் பல தரவுகளைக் கருவி கவனிக்கிறது. பாதுகாப்பு அளவுகோலோடு தொடர்புள்ளவை மட்டும் பதிவாகின்றன. அவற்றைக் காப்பீட்டாளரின் வரையறையோடு ஒப்பிட்டு, ஓர் அடிக்கட்டணத்தின்மேல் கூடுதலோ தள்ளுபடியோ போடுகிறார்கள். முடிந்த காலத்துக்கும் கட்டணத்தைத் திருத்தலாம், வருங்காலத்துக்கும் நிர்ணயிக்கலாம். கவனிக்க வேண்டியது அந்த அடிக்கட்டணம். விக்ரி உடைக்கச் சொன்னதே அதைத்தான். இங்கே அது அசையாமல் இருக்க, அதன் மேல் கூட்டல் கழித்தல் நடக்கிறது. கூட்டலும் சேர்ந்தே எழுதப்பட்டிருப்பதை மறக்கக் கூடாது.

இதற்கு எதிர்ச்சான்றும் உண்டு. தொண்ணூறுகளின் இறுதியில் டெக்சாஸின் ஹூஸ்டனில் புரோகிரெசிவ் நடத்திய ‘ஆட்டோகிராஃப்’ சோதனை, எவ்வளவு, எப்போது, எங்கே ஓடியது என்பதை ஜி.பி.எஸ். வழியே பார்த்துக் கட்டணம் போட்டது. விக்ரிக்கு இதைவிட நெருக்கமாக அந்த நிறுவனம் பிறகு வந்ததாகத் தெரியவில்லை. 2004இல் மினசோட்டாவில் வந்த ‘டிரிப்சென்ஸ்’ இடத்தைக் கைவிட்டது, பதிவை ஓட்டுநரே தம் கணினியில் பார்த்து, விரும்பினால் அனுப்பலாம், புதுப்பிக்கும்போது தள்ளுபடி. ஓடிய ஓட்டத்துக்குக் கட்டணம் என்பது தள்ளுபடியாக மாறியது எந்த ஆண்டில் என்று அறுதியிட முடியவில்லை. 2000க்கும் 2004க்கும் இடையில் என்று வைத்துக்கொள்ளலாம். தனியுரிமை அச்சமே காரணம் என்பாருண்டு. நேரடிச் சான்று மெலிவுதான். ஆனாலும் செலவு என்றே சொல்வேன். 1996 மாடல் முதல் அமெரிக்கக் கார்களில் பழுதறியும் ஓ.பி.டி.-2 போர்ட் கட்டாயமானது. ஸ்டீயரிங்குக்கு அடியில் சொருகினால் போதும் என்றான பிறகு, ஜி.பி.எஸ்.ஸும் செல்போன் இணைப்பும் சேர்ந்த பெட்டியை யார் பொருத்துவார்?

2011இல் பரவலான, அதே நிறுவனத்தின் ‘ஸ்னாப்ஷாட்’ தூரத்தோடு நள்ளிரவு ஓட்டத்தையும் சடன் பிரேக்கையும் எண்ணியது. தொடக்கத்தில் தள்ளுபடி மட்டும். பிறகு சில மாநிலங்களில் கட்டணம் ஏறவும் செய்தது. சிலர் இதைக் கொள்கை மாற்றம் என்கிறார்கள். காப்புரிமையைப் படித்தவர்கள் வியக்கமாட்டார்கள்.

இத்தகைய கண்காணிப்பைப் பற்றிப் பொருளியலாளர்கள் யிஜோ ஜின், ஷொஷானா வாசர்மன் செய்த ஆய்வு எனக்குப் பாதிதான் துணை. கண்காணிக்கப்படும் காலத்தில் ஓட்டுநர்கள் ஏறத்தாழ 30 சதவீதம் பத்திரமாக ஓட்டுகிறார்கள் என்று அது காட்டுகிறது. ஆக, கருவி ஆளைத் திருத்தவும் செய்கிறது. ஆனால் கருவிக்குச் சம்மதிப்பவர்களில் ஏற்கெனவே நன்றாக ஓட்டுபவர்களே அதிகம் என்பதும் அதே ஆய்வின் முடிவு. குறைவது ஓடாத மைலின் கட்டணம் அல்ல, தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளின் கட்டணம் என்ற என் வாசிப்புக்கு அந்தப் பகுதி போதும்.

இந்தியாவில் 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., ஓடும் அளவுக்கும் ஓட்டும் விதத்துக்கும் ஏற்ற கட்டணத்தை ஆட்-ஆனாக அனுமதித்தது. ஆனால் நம் வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதிக்கு மட்டும். விக்ரியின் கவலை, நம் வண்டி பிறருக்கு இழைக்கும் கேட்டைப் பற்றியது. அதற்கான தேர்ட் பார்ட்டி கட்டணத்தை இங்கே ஒன்றிய அரசே இன்ஜின் அளவைப் பார்த்து நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் 1,000 சி.சி.க்கு மேற்படாத தனியார் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய் என்று அறிவித்தார்கள். கார் மாதம் நூறு கிலோமீட்டர் ஓடினாலும் மூவாயிரம் ஓடினாலும் தொகை அதேதான்.